ஊழியர் பற்றிக்கின் அறையில் இருந்த பிடியரிசி குறித்து

பெயர்: ஐறீன் நவரத்தினம். வயது: 46. தொழில்: தனியார் கம்பனியொன்றில் கணக்கு உதவியாளர். விலாசம்: பாமன்கடை, வெள்ளவத்தை. திகதி: 1997 யூலை 16.

நான் மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் இங்கே தங்குவதற்குரிய பொலிஸ் பதிவு பெற்று வசிக்கிறேன். எங்கள் கிறிஸ்தவ சபை சிறியது. சபையின் ஊழியரான பற்றிக் கிளிநொச்சியிலிருந்து வந்தவர். கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றில் தனியாக இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்க எங்களுக்கு வசதியில்லை. ஆகவே சபைப் பெண்கள் சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்போம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கலந்து அவருக்குக் கொடுப்போம். எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று ஊழியருக்குச் சொல்வதில்லை. சொன்னால், கூடுதலாகக் கொடுத்த வீட்டில் கூடுதல் நேரம் ஜெபிப்பார் என்று எங்கள் பழைய போதகர் வைத்த ஒழுங்கு அது.

சென்ற வியாழக்கிழமை அவருடைய அறை சோதிக்கப்பட்டது. சிவப்பரிசி, சம்பா, பச்சையரிசி எல்லாம் கலந்த சாக்கைக் கண்டு, யார் கொடுத்தது என்று கேட்டபோது அவர் தெரியாது என்று சொன்னதாலேயே, புலிகளுக்குச் சேர்த்த அரிசி என்ற சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார் என்று அறிந்தேன். அதன் பின்பு நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, தமிழ் பேசும் சார்ஜன்டிடம், இது வீடு வீடாகச் சேர்த்த அரிசி, மாதாமாதம் சேர்க்கிறோம் என்று விளக்கினேன். அது அவருக்கு உதவும் என்று நினைத்தே சொன்னேன். சார்ஜன்ட் அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்.

“யாரு குடுத்தண்டு தெரியாம தின்ற ஆள நான் இன்னக்கித்தான் பாக்குறன், நோனா” என்று சிரித்தார். முழுவதும் என் வீட்டு அரிசி என்று எழுதும்படி கேட்டேன். “ஒங்கட வீட்டுல எத்தின சாதி அரிசி ஆக்குறீங்க?” என்றார். கொடுத்தவர்கள் எல்லோரும் அடையாள அட்டையோடும் பதிவோடும் வந்து சொன்னால் அவரை விடுவிப்பது பற்றி யோசிக்கலாம் என்றார்.

அதன் பின்பு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்களிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொருவராகப் பைகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஒருவர் மட்டும் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய், “அக்கா, தங்கச்சியின்ர பிள்ளையள் வன்னியிலயிருந்து வந்து பதிவில்லாமல் என்னோட நிக்குதுகள். நான் இண்டைக்கு அங்க போனா, நாளைக்கு அவங்கள் வீட்ட வருவாங்கள். பிறகு அதுகளையும் அள்ளிக்கொண்டு போவாங்கள்” என்றார். மற்ற வீடுகளிலும் இதுபோல ஏதோ ஒன்று இருந்தது.

இன்று காலை தனியாக வந்தேன். பற்றிக்கைப் பார்க்க அனுமதித்தார்கள். இடுப்புப் பட்டியை வாங்கி வைத்திருந்ததால் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாடு கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் பார்சலைப் பார்க்கவில்லை.

“அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே. பேரைச் சொல்லுங்கோ. சும்மா கேட்டுப்போட்டு விட்டிடுவாங்கள்” என்றார். நான் பார்சலை நீட்ட, “எனக்கு இஞ்ச இருக்கேலாது அக்கா” என்றார். அவர் ஜெபிக்கச் சொல்வார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

அதன் பின்பு, பெயர்களைத் தராவிட்டால் நாளை பற்றிக்கைத் தடுத்து வைக்கும் உத்தரவு எடுக்கப்படும் என்று சார்ஜன்ட் எனக்கு அறிவித்தார். அதை விளங்கிக்கொண்டேன். பிடியரிசி கொடுத்த பெண்களின் பெயர்களும் வீடுகளும் எனக்குத் தெரியும். அவற்றை நான் தரவில்லை. தராததற்கு வேறொருவரும் என்னைத் தூண்டவில்லை.

இவற்றை நானே தமிழில் என் கையால் எழுதினேன். எழுதியது எல்லாம் உண்மை. அறிந்தும் எழுதாமல் விட்டது உண்டு என்பதும் உண்மை.

ஒப்பம்: ஐ. நவரத்தினம்