நடுவிருக்கையில் நலிந்த குரல்
இயற்பியல் ஆசிரியர் திரு. இராஜமாணிக்கம் அவர்களின் பணிநிறைவில் வாசித்தளித்தது

அலையின் இயல்பை அள்ளித் தந்த ஆசானே! தலைநகரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முப்பத்தோராண்டுகள் இயற்பியலை இன்தமிழில் இயம்பிய ஏந்தலே! வணக்கம்.

கிட்வாய் நகரிலிருந்து கடுங்குளிரிலும் கத்திரி வெயிலிலும் காலந்தவறாது வந்தீர்கள். ஹிந்தியிலேயே எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கும் ஒளியையும் ஒலியையும் விளங்கவைத்தீர்கள். அப்பெருமைகளை அடுக்கவே அமர்ந்தோம். ஆயினும், எங்கள் பிழையொன்றை ஒப்புக்கொள்ளாமல் பேனா நகரவில்லை.

சென்ற ஆண்டுவிழாவுக்கான தேர்வில் பதினோராம் வகுப்பு ஷ்ருதி தனியாகப் பாடினாள். அரங்கின் நட்டநடுவில் நடுவர்களாய் அமர்ந்திருந்த எங்கள் செவிக்கு அவள் குரல் தகரமாய்த் தேய்ந்து ஒலித்தது. ‘குரலில் கனமில்லை’ என்றெழுதி நீக்கினோம். ஓரத்தில் நின்றிருந்த நீங்கள் ஓடோடி வந்தீர்கள்.

“அவ குரல்ல குத்தம் இல்லைங்க. புது ஸ்பீக்கர் ரெண்டுல ஒண்ணுக்கு ஒயரை மாத்திக் குடுத்திருக்காங்க. ஒண்ணு காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. நடுவுல அலையோட மேடும் பள்ளமும் சந்திச்சு ஒண்ணையொண்ணு அழிச்சிடுது. ஓரமா வந்து கேளுங்க.”

“அச்சா! ரெண்டு ஸ்பீக்கர் இருந்தா சத்தம் கூடத்தானே சார் செய்யும்?” என்றார் இசையாசிரியை மேதா. எல்லோரும் சிரித்தோம். பத்தடி நடந்துவர ஒருவரும் எழவில்லை.

மறுநாள் நீங்களே ஏணியேறி ஒயரை மாற்றிப் பூட்டினீர்கள். தேர்வில் பதிவான அவள் பாட்டையே ஓடவிட்டு, எங்களை அதே நடுவிருக்கைகளில் அமர்த்தினீர்கள். அலையோடு அலை கூடி அரங்கு நிறைந்தது! மேதா எழுந்து, ஷ்ருதியை விழாவில் பாட அழைக்க நேரே அவள் வகுப்புக்கு ஓடினார்.

“வேண்டாம் மேம். நீங்க எல்லாரும் சொன்னப்புறம் என் குரல் எனக்கே பிடிக்கல,” என்றாள் ஷ்ருதி.

குறிப்பேட்டைத் திருத்தினோம், குழந்தையின் மனத்தைத் திருத்த எங்களால் இயலவில்லை. மார்ச்சில் தந்தைக்குக் குவாஹாத்திக்கு மாற்றலாகவே, அவளும் போய்விட்டாள். ‘அன்றே சொன்னேனே’ என்று ஒருநாளும் எங்களைக் குத்திக்காட்டாத குணக்குன்றே!

இவ்விழாவில் உங்களை வாழ்த்திப் பாடுமாறு அவளைத் தொலைபேசியில் வேண்டினோம். “சாருக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க. பாட மட்டும் கேக்காதீங்க,” என்றாள்.

எனவே, ஐயா, நூறாண்டு நோயின்றி நீங்கள் வாழ நெஞ்சார வேண்டுகிறோம். இன்றைய நிகழ்ச்சிநிரலில் வாழ்த்துப்பாவுக்குரிய இடத்தை வேறெவருக்கும் நாங்கள் கொடுக்கவில்லை.

தலைதாழ்ந்து,
உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், அலுவலர்கள்
புது தில்லி