ஏழிலிருந்து ஒன்பதுக்கு

வேங்கிக்காலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவளின் மோதிர விரலில் பிளாஸ்திரி.

“என்னாச்சு விரலுக்கு?” என்றாள் மூத்தவள்.

“கிட்டார் கம்பி அறுத்துடுச்சுக்கா. எட்டு மாசமா ஒரே பாட்டைப் பழகி, நேத்துதான் சரியா வாசிச்சேன். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா புண்ணியம்.”

“அவங்களுக்கு கிட்டார் தெரியுமா?”

“தொட்டதுகூட இல்லைக்கா. நான் நெட்ல எடுத்த பேப்பரைப் பாத்து வாசிக்கிறேன். அதுல ஏழு, ஒரு வளைஞ்ச அம்புக்குறி, அப்புறம் ஒன்பதுன்னு இருக்கும். நான் கிட்டார் கழுத்துல ஏழாவது கட்டத்தை அடிச்சிட்டு ஒன்பதாவதை அடிப்பேன்.”

“அப்படித்தானே அடிக்கணும்?”

“இல்லைக்கா. ஏழுலயே விரலை அழுத்தி, ஒன்பதோட சத்தம் வர்ற வரைக்கும் கம்பியை மேல தள்ளணும். எனக்கு அது தெரியல. ஞாயித்துக்கிழமை அவங்க வந்து கதவைத் தட்டினாங்க. சத்தம் ஜாஸ்தின்னு சொல்லப் போறாங்கன்னு பயந்துட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘சாமி புறப்பாட்டுல நாயனம் ஊதினா சத்தம் வழுக்கிக்கிட்டு மேல போவுது. உன் பாட்டுல ஒரு எடத்துல மட்டும் படிக்கட்டு ஏறுது. டெய்லி அந்த எடம் வர்றப்போ அடுப்பைக் கம்மி பண்ணிட்டு நிப்பேன், இன்னிக்காவது வழுக்குமான்னு’ அப்படின்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்த அம்புக்குறியை ஒழுங்கா பாத்தேன்.”

மூத்தவள் சிரித்தாள். “நேத்து வழுக்குச்சா?”

“வழுக்குச்சுக்கா. கீழேருந்து ஜன்னல் கம்பியில கரண்டியால ரெண்டு தட்டு தட்டினாங்க.”