படி ஏறாத கால்கள்

மனிதர்களுக்குப் படி ஏறப் பிடிக்காது. சோம்பல்தான் காரணம் என்று நீங்கள் சொல்வீர்கள், ஐயா. வெகுநாள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைவீதிச் சந்திப்பில் நாங்கள் கட்டிய நடைமேம்பாலம் நல்ல பாலம். தாழ்வான படிகள். மேலே கூரை. கைப்பிடி வெயிலில் சுடாது. அதற்காகவே பூச்சைத் தேடி வாங்கினேன். இருந்தும் ஜனங்கள் பாலத்துக்கு நேர் கீழே, சாலையில் வெள்ளைக் கோடுகள் போட்ட இடத்தில்தான் கடந்தார்கள். அந்தக் கோடுகளை அழிக்கக் கடைக்காரர்கள் விடவில்லை. ஏன் ஒருவரும் ஏறவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை.

கீழே நடந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சிவப்பில் நின்ற வண்டிகள் பச்சை விழுந்ததும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. முன்வண்டி நகர்வதைப் பார்த்துத்தான் அடுத்தது நகரும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. அந்த அசைவு கடைசி வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் நடப்பவர்களுக்காக மறுபடி சிவப்பு விழுந்துவிடும். வால் நீண்டு பின்னாலுள்ள சந்திப்பையும் அடைக்கும். அங்கே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்பதை என் அலுவலக ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குள்ளும் ஒருவர் இருக்கிறார் அல்லவா?

எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை நடத்திய அக்காவிடம் ஒருநாள் நேரிலேயே கேட்டேன். எங்கள் அலுவலகத்துப் பிரதிகள் எல்லாம் அவரிடம்தான் எடுப்போம்.

"ஏங்க்கா, பாலத்துல வந்தா என்ன?"

"உங்க பாலத்துல காக்காதான் உக்காருது சார். அதுக்கு இறக்கை இருக்கு. எனக்கு இந்த ரெண்டு முட்டிதானே இருக்கு?"

"பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

"பச்சை பார்த்துத்தானே சார் இறங்கறேன்? அந்தப் பச்சைய வெச்சதே நீங்கதானே? உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பார்சல் கொண்டுபோன ஒருவரை பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அந்தக் கோட்டிலேயே அடித்தது. அது தற்செயல், எனக்கு அதில் பங்கில்லை. மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தேன். பாலம் நிறைந்திருந்தது. அக்காகூட கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். கீழே வண்டிகள் தண்ணீர் போல ஓடின. பின்சந்திப்பு காலியாகக் கிடந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சாலை சரியாக வேலை செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். அப்போதுதான் விளங்கியது. சோம்பல் காரணமே இல்லை. பயம் என்பது டயர் மாதிரி, ஓட ஓடத் தேயும். பலகை வைத்தேன், படம் போட்டேன், அபராதம் போடச் சொல்லியும் பார்த்தேன். கண்ணால் காணாத எதற்கும் ஆட்கள் பயப்படவில்லை.

சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். சந்திப்பின் மூலையில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வண்டிக்கும் நடப்பவருக்கும் ஒரே சமயத்தில் பச்சை வந்துவிட்டால், அது எல்லா விளக்கையும் அணைத்து மஞ்சளை மட்டும் மினுக்கும். புது விளக்கு மாட்டும்போது எல்லாப் பச்சையையும் ஒன்றாக எரியவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது மெக்கானிக் ஒரு சோதனை அட்டையைச் செருகி அந்தக் கருவியைச் சும்மா இருக்க வைப்பார். வேலை முடிந்ததும் அட்டையை எடுத்துவிட வேண்டும். எங்கள் துறையில் நடக்கக்கூடிய மிக மோசமான மறதி அதை எடுக்காமல் விடுவதுதான்.

அந்தச் சந்திப்பின் மெக்கானிக் என் மச்சினன், மனைவியின் தம்பி. விளக்கு மாற்றிய மறுநாள் அவனுடைய பையிலிருந்து அட்டையை எடுத்துச் செருகியது நான். இரண்டு பச்சையும் சேர்ந்து விழும்படி என் மேசைக் கணினியிலிருந்து அமைத்ததும் நான்.

யாரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்திருந்தால் அது கொலை.

அக்கா காகிதக் கட்டோடு வந்தார். பச்சை விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். என் மேசையில் ஒரு விசை இருக்கிறது. அழுத்தினால் எல்லாத் திசையும் சிவப்பாகும். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. பாதியில் நிறுத்தினால் எதுவும் நிரூபணமாகாது. காகிதங்கள் வெகுநேரம் பறந்தன. அவற்றில் எங்கள் அலுவலகத்து வரைபடங்களும் இருந்தன.

பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்த உங்கள் போலீஸ்காரர்கள் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொன்னாள்: "வீட்டப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பார்க்கறவன் அவன். அவன் மறந்திருப்பானா? நீங்களாவது போய்ச் சொல்லக்கூடாதா?"

"மறக்கற ஆள் இல்லதான்," என்றேன். சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பாலம் அப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. நடுவில் எழுந்துபோக மனம் வரவில்லை.

நேற்று ஒரு தம்பதி மறுபடியும் கீழே கடந்தார்கள். பின்னாலேயே இன்னும் சிலர். அதனால்தான் வந்தேன். மச்சினனை விட்டுவிடுங்கள். அவன் எதையும் மறக்கவில்லை. பெட்டியிலும் ஒரு பழுதும் இல்லை. கழற்றி மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள், அது வீண். என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் நான் சொல்லும் முறையை எழுதிக்கொள்ளுங்கள். பயம் தேயும்போதெல்லாம் ஒரே ஒரு காலை நேரத்துக்கு அட்டையைச் செருக வேண்டும். மற்ற நாட்களில் எல்லோரும் படி ஏறுவார்கள், யாருக்கும் எதுவும் ஆகாது.