இரண்டடி முன்னால்

— இல்ல லாத்தா, நீ பந்தையே பாக்குற. பந்தப் பாக்காத. அம்பத்துநாலாம் நம்பரப் பாரு.

— பந்து வெளையாட்டுல பந்தப் பாக்காம வேற எதடா பாக்குறது?

— அவன் காலப் பாரு. மொதல் அடி எந்தப் பக்கம் வைக்கிறான்? நம்ம வேலையே அதுதான்.

— இரு, வெங்காயக் கையத் தொடச்சுக்கிறேன். கூடப்பொறந்த தம்பிகிட்ட, பதினாலு வருசம் எளையவன்கிட்ட, பாடம் படிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு.

— மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— என் குரல் கேட்டா என்ன? நான் இங்க குடியிருக்கிறவ. தெருவுல கேட்டா, என் தம்பி அப்துல் ரவூப்தான் ஊருக்கு வெளிய மாவ்பியில மாமா தோட்டத்துல கத்திரிக்கா பறிச்சுக்கிட்டு இருக்கான். பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் புடிக்கப் பேரெடுக்க ஆரம்பிச்சதுலேருந்து, ஏழு மாசமா. நீ மெதுவாப் பேசு.

— சரி, கேளு. திங்கக்கெழம பத்து மணிக்கு, இந்த ஆட்டத்துக்கு மார்க் போட நம்மள வச்சிருக்கிற கம்பெனிக்காரங்க வீடியோவுல வருவாங்க. மெஹ்ரீன்ங்கிற உன் பேர்ல வேல செய்யிறது நெசமாவே மெஹ்ரீன்தானான்னு பாக்கப்போறாங்க. பத்து ஆட்டம் போட்டுக் காட்டி, ஆடுறவனுக்கு மார்க் போடச் சொல்லுவாங்க.

— தெனம் காலையில கேமராவுக்கு மூஞ்சியக் காட்டிட்டுத்தானே கடைக்குப் போறேன். அது பத்தாதாமா?

— மூஞ்சி உன்னோடது, மார்க் போடுறது நான். நீ வாயத் தொறந்தா தெரிஞ்சிரும். தெரிஞ்சா வேல போச்சு. உன் மருந்துக்கடச் சம்பளத்துல இந்த ஆறாம் மாடிக்கு வாடக கட்ட முடியாது.

— அல்லாவே. சரி, மேல சொல்லு.

— நாலு தடவ, பத்து கஜம். அவ்வளவுதான் இந்த வெளையாட்டு. நாலு தடவைக்குள்ள பந்தப் பத்து கஜம் முன்னால கொண்டு போகணும். போயிட்டா இன்னும் நாலு தடவ கெடைக்கும். கொண்டு போக ரெண்டு வழி. ஓடுறவன் கையில குடுத்து ஓடவிடலாம். இல்ல, தூர எறியலாம்.

— காலால ஒதைக்கவே மாட்டானுங்களா? இதுக்கா அமெரிக்காக்காரனுங்க ஃபுட்பால்னு பேரு வச்சானுங்க?

— ஒதைப்பாங்க, அது வேற சமயம். அத விடு. அம்பத்துநாலு லைன்பேக்கர். முன்வரிசைக்குப் பின்னால நிக்கிறவன். ஓடுறவன் வந்தா முன்னால பாஞ்சு சாய்க்கணும். எறிஞ்சா பின்னால ஓடி மறைக்கணும். ரெண்டு வேலையும் நேர் எதிர்த் தெச. எதுன்னு முடிவு பண்ண அர நொடிதான் இருக்கு.

— இவன் எதுல கெட்டி?

— சாய்க்கிறதுல. ஓட்டத்த நிறுத்த இவன மாதிரி ஆள நான் பாத்ததில்ல.

— அப்ப பெரிய ஆளுதான்.

— முந்தி. இப்ப பத்துல ஆறு தடவ எறியிறாங்க. மூணாவது தடவ, இன்னும் எட்டு கஜம் வேணும்னா, எறியத்தான் போறாங்கன்னு பாக்குறவங்களுக்கே தெரியும். அப்ப இவன வெளிய கூப்பிட்டு பெஞ்சில உக்கார வச்சிட்டு, வேகமா ஓடுற ஒல்லிப் பயல உள்ள விடுறாங்க.

— பாவம்டா.

— ஆனா இதுலதான் விஷயம், கேளு. இவன் நிக்கிறதப் பாத்தே எதிராளி ஓட வேணாம்னு முடிவு பண்றான் பாரு, அது எந்த மார்க்குலயும் வராது. நடந்ததுக்குத்தான் மார்க். நடக்காமப் போனதுக்குக் கட்டம் கெடையாது.

— எங்க கடையிலயும் அப்படித்தான். தேதி முடிஞ்ச மாத்திரையெல்லாம் நான்தான் பொறுக்கி எடுக்கிறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலம்மான்னு ஒருத்தனாவது வந்து சொல்லியிருக்கானா?

— அதேதான் லாத்தா! வீடியோவுல அப்படியே சொல்லு.

— இரு, கயித்து மணி அடிக்குது. கீழ தெருவுலேருந்து யாரோ பால்கனிக் கயித்த ஆட்டுறாங்க.

— கயித்த மேல இழுக்காத.

— ரெண்டு தரம் அடிச்சா சாப்பாட்டுக்காரி டாவ் மியாடா. மொஹிங்கா, அந்த மீன் சூப்பு, கொண்டாரச் சொல்லியிருந்தேன்.

— மொதல்ல பால்கனியிலேருந்து எட்டிப் பாரு. பாக்காம கயித்துல கை வைக்காத.

— நான் இருக்கிறப்ப நான் இழுக்கலாம், நான் இல்லாதப்ப நீ அந்தப் பக்கமே போகக் கூடாது. அதுதானே நம்ம ஏற்பாடு? நீ எதுக்கு இப்படி வேர்த்து ஊத்துற? பாரு, அவதான். மேல பாத்துச் சிரிக்கிறா. ஆறு மாடி ஏறாம கிளிப்புல பைய மாட்டிட்டுப் போயிட்டா மவராசி. சூடா இருக்கு, குடி.

— அப்புறம் குடிக்கிறேன். ஒரு மணிக்குக் கரண்டு போயிரும். இந்த ஆட்டத்தப் பாரு.

— ஓடுறவன் கையில குடுத்துட்டான். நம்மாளு முன்னால வர்றான். சரியாத்தானே வர்றான்?

— குடுக்கல. நிறுத்திக் காட்டுறேன். பந்து எறியிறவன்கிட்டயேதான் இருக்கு. குடுக்கிற மாதிரி கைய நீட்டிட்டு, இடுப்போரமா மறைச்சிக்கிட்டான்.

— அடப்பாவி.

— அம்பத்துநாலு ரெண்டடி முன்னால வந்துட்டான். இப்ப அவன் முதுகுக்குப் பின்னால பாரு.

— காலியாக் கெடக்கு.

— பந்து அங்கதான் போகும். போயிருச்சு. இருபது கஜம்.

— இதுக்கு என்ன மார்க்?

— மைனஸ் ரெண்டு.

— மைனஸா! முன்னால வர்றதுதானடா அவன் வேல?

— அதனாலதான் அவன ஏமாத்த முடியுது. மந்தமான ஆளா இருந்தா நின்ன எடத்துலயே நின்னிருப்பான். இவன் தெனம் பாத்த அதே கை, அதே தோளு. ஆயிரம் தடவ நெசமா இருந்துச்சு. இந்த ஒரு தடவ பொய்யி.

— அப்ப தப்பு யாரு மேல?

— அதுக்கும் கட்டம் இல்ல லாத்தா.

— திரும்பி ஓடுறானே, அதுக்கு ஒண்ணு கூட்டிக் குடுக்கக் கூடாதா?

— கூடாது. பந்து போயிருச்சு.

— நீ ஈவு எரக்கமில்லாத வாத்தியாரு. அடுத்தத நான் சொல்றேன், நீ வாய மூடிக்கிட்டு இரு. மொதல் அடி... பின்னால வைக்கிறான். ஆனா எறியல, ஓடுறானுங்க. இவன் லேட்டாத்தான் வர்றான். மைனஸ் ஒண்ணு?

— சரி. ஏன் பின்னால வச்சான், சொல்லு.

— முன்னாடி ஏமாந்தான்ல. இப்ப சந்தேகம்.

— ஆமா. சந்தேகம் வந்துட்டா இவன் ரெண்டுக்கும் ஆகமாட்டான். இந்த வருசத்தோட ஒப்பந்தம் முடியுது. எவனும் எடுக்கிற மாதிரி தெரியல.

— அவன் கெடக்கிறான், நான் தேறிட்டேன் பாத்தியா? கடைக்குத் திங்கக்கெழம லீவு சொல்லிர்றேன். நீ கதவுக்குப் பின்னால நில்லு. நான் தப்பாச் சொன்னா இருமு.

— இருமுறதுக்கு நான் இருக்க மாட்டேன். பரீட்ச எதுவும் இல்ல லாத்தா. நானாச் சொன்னது.

— வெளையாடுறியா? பின்ன எதுக்குடா மூணு நாளா என் உசுர எடுத்த?

— வேல தெரிஞ்சிட்டா நீயே செஞ்சுக்கலாம். மூஞ்சி ஏற்கெனவே உன்னோடதுதானே.

— நீ எங்க போற?

— காயிதம் வந்துருச்சு. திங்கக்கெழம பத்து மணிக்குப் பட்டாளத்து ஆபீசுல போய் நிக்கணும். நான் போகலன்னா உன்னத்தான் வந்து கேப்பாங்க. இந்த வீட்டு அட்டையில இருக்கிறதே நம்ம ரெண்டு பேருதான்.

— காயிதம் வந்தா என்னடா, ஆளு இங்க இல்லையே! மாவ்பி, மாவ்பின்னு தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். நான் பூட்டிட்டுப் போற வீட்டுக்குள்ள நீ இருக்கன்னு எவனுக்குத் தெரியும்?

— செவ்வாக்கெழம நீ கடைக்குப் போனதும் மணி ரெண்டு தரம் அடிச்சுது லாத்தா, டாவ் மியா மாதிரியே. எட்டிப் பாக்காம நான் கயித்த இழுத்துட்டேன். கிளிப்புல அந்தக் காயிதம்தான் இருந்துச்சு.