அம்பது நிமிஷம்

— இருபத்தஞ்சு நிமிஷமா? மாமா, நான் அம்பதுல்ல கேட்டிருந்தேன்!

— கேட்டே. அதான் இருபத்தஞ்சு குடுத்திருக்கேன். உக்காரு மாப்ள, டீ குடி. ஆறித்தான் போயிருக்கும், என்னைக் கேக்காதே. கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்பைப் பூட்டி, சாவியைக் கைப்பையில வெச்சிருக்கிறது உங்கக்கா.

— டீ கிடக்கட்டும். அம்பது கேட்டா எப்படி இருபத்தஞ்சு வரும்?

— அட, பச்சப்புள்ளயா இருக்கியே! விண்கலம் பதினாலு, அதுங்க பேச்சைக் கேக்குற டிஷ் ஆன்டெனா ஒண்ணு. ஆளாளுக்கு வாய்க்கு வந்த நேரத்தைக் கேப்பாங்க. நாலு மணி நேரம் வேணும்னா எட்டுன்னு எழுதுவாங்க. நான் பாதியாக்கிக் குடுப்பேன். அவங்களுக்கு வேண்டியது அவங்களுக்கு வந்துடும், கறாரான ஆளுன்னு எனக்கும் ஒரு பேரு. பன்னெண்டு வருஷமா இந்த அட்டவணை இப்படித்தான் ஓடுது.

— இது எங்க எழுதியிருக்கு?

— இதையெல்லாம் யாராவது எழுதி வெப்பாங்களா? உங்க பழைய தலைவர் சொல்லிட்டுப் போகலையா?

— அவர் ரிட்டயர் ஆகிப் போறப்போ ஒரு தொட்டிச் செடியும் ரூம் சாவியும்தான் குடுத்துட்டுப் போனாரு. போன மாசம் வரைக்கும் நான் லேப்ல ரேடியோ செஞ்சுக்கிட்டு இருந்தவன் மாமா. எனக்கு அம்பதுன்னா அம்பதுதான்.

— அப்போ நூறுன்னு எழுதியிருக்கணும்.

— பொய் எழுதச் சொல்றீங்களா?

— பொய் இல்ல மாப்ள, வழக்கம். சரி விடு. இருபத்தஞ்சு நிமிஷம் கேட்டா என்ன குறைஞ்சு போச்சு? சும்மா காது குடுத்துக் கேக்குறதுதானே?

— சரியாச் சொல்லணும்னா, பாதி குறைஞ்சு போச்சு. எங்க கலம், நம்ம சின்னவன், நேரா நிக்கல மாமா. எட்டு மாசத்துக்கு முன்னாடி என்ன ஆச்சோ, தொடர்பு அறுந்து போய், மெதுவாச் சுத்திக்கிட்டே இருக்கான். கடைசியா வந்த தகவல்படி ஒரு சுத்துக்கு அம்பது நிமிஷம். அதுல அரை நிமிஷம்தான் அவன் முகம் நம்ம பக்கம் திரும்பும். அது எப்போன்னு யாருக்கும் தெரியாது. முழுச் சுத்தும் உக்காந்து கேட்டாத்தான் உண்டு. இதுவரைக்கும் கேட்டவங்க பத்துப் பத்து நிமிஷமாக் கேட்டுட்டு, செத்துட்டான்னு எழுதி வெச்சிட்டாங்க.

— எட்டு மாசம் அந்தக் குளிர்ல கிடந்தவன் இன்னும் கத்துவான்னு நம்புறியா?

— கத்துவான். குளிர்ல அலைவரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கும், வழக்கமான இடத்துல இருக்க மாட்டான், அவ்வளவுதான். அந்த ரேடியோ நான் என் கையால செஞ்சது மாமா. அது கெடாது. வியாழக்கிழமை அவன் குரல் கேக்கலைன்னா வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. திட்டத்தையே மூடிடுவாங்க. எங்க ஆறு பேரையும் ஆறு ஊருக்குத் தூக்கி அடிப்பாங்க.

— உன்னையுமா?

— என்னை மட்டும் மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா? ஞாயித்துக்கிழமை செஸ் போர்டுல உங்க எதிர்ல உக்கார ஆள் இருக்காது, பாத்துக்குங்க.

— அடப்பாவி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அடுத்த வாரம் உன்னைத் தோக்கடிக்கலாம்னு இருந்தேன். இரு, பாக்குறேன். வியாழக்கிழமை உனக்கு முன்னாடி நிலாக்காரங்க. அவங்க இம்மி அசைய மாட்டாங்க. உனக்குப் பின்னாடி... ஐயையோ.

— யாரு?

— உங்கக்கா.

— எவ்வளவு நேரம்?

— மூணு மணி.

— பொண்டாட்டிக்கு மூணு மணி நேரம், மச்சினனுக்கு இருபத்தஞ்சு நிமிஷம். நல்ல நியாயம் மாமா!

— வாயைக் கழுவு! ஆறு கேட்டா, பாதிதான் குடுத்தேன். பொண்டாட்டின்னு பாத்தேனா? நாலு நாளா வீட்டுல பாத்திரம் உருள்ற சத்தம்தான், பேச்சு இல்ல.

— அவகிட்ட ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் வாங்கிக் குடுங்க. டிஷ்ஷைத் திருப்பக்கூட வேணாம். அக்காவோட கலம் படம் எடுக்குற கிரகமும் எங்க சின்னவனும் இப்போ வானத்துல ஒரே பக்கம்தான்.

— நான் கேக்கவா? எனக்கு இன்னும் கொஞ்ச காலம் உயிரோட இருக்கணும் மாப்ள. நீயே கேளு, அதோ அவளே வர்றா.

— ஏங்க, வியாழக்கிழமை அட்டவணையை மாத்திட்டீங்களா இல்லையா? டேய் தம்பி, நீ இங்க என்ன பண்றே? முகம் ஏன் இப்படித் தொங்குது?

— அக்கா, உன் மூணு மணியில எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் விட்டுக் குடு.

— ஒரு நிமிஷம் கிடையாது. கூடப் பொறந்தவன்னா தலையில ஏறி உக்காந்துக்குவியா? எனக்கே பத்தாமத்தான் இந்த மனுஷன்கிட்ட மல்லுக்கட்ட வந்திருக்கேன்.

— நீ ஆறு எழுதினேன்னா உனக்கு வேண்டியது மூணுதானேம்மா? குடுத்துட்டேனே?

— வேண்டியது ரெண்டுதாங்க, மறைக்காமச் சொல்றேன். கெட்டுப் போறதை மறுபடி வாங்க ஒரு மணி சேத்தேன். இப்போ அதுவும் பத்தல. ஒரு படம் வந்து சேர ஒரு மணி ஆகுது, வர்ற படமெல்லாம் நடுவுல கோடு விழுந்து பாழாகுது.

— எதனால அக்கா?

— இரைச்சல்! பத்து நாளா ஒரு சனியன் குறுக்க வந்து கத்துது. கேன்டீன் அடுப்பாத்தான் இருக்கும்னு பூட்டினேன், நிக்கல. வாட்ச்மேனோட வாக்கி டாக்கியைப் பிடுங்கினேன், நிக்கல. லிஃப்டைக்கூட நிறுத்திப் பாத்தாச்சு. டைரக்டர் நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கிட்டே என்னை முறைச்சாரு.

— எப்படிக் கத்தும்?

— ரொம்ப முக்கியம்! கீச்சுன்னு ஒரு அரை நிமிஷம். அப்புறம் மூச்சுப் பேச்சு இருக்காது. ஒழிஞ்சுதுடா சாமின்னு உக்காருவேன், சொல்லி வெச்ச மாதிரி திரும்ப வந்துடும்.

— எவ்வளவு நேரம் கழிச்சு? சரியாச் சொல்லு அக்கா, சரியா!

— ஏன்டா கையைப் புடிச்சு உலுக்குறே? டீ கொட்டுது பாரு! அம்பது நிமிஷம். நோட்டுப் போட்டுக் குறிச்சிருக்கேன், ஒரு தடவைகூடத் தப்பல.

— மாப்ள...

— அக்கா, அடுப்புச் சாவியை எடு, மாமாவுக்குச் சூடா டீ போடணும். மாமா, என் இருபத்தஞ்சு நிமிஷத்தையும் அக்கா பேருக்கே எழுதிடுங்க. அந்தச் சனியன் வேற யாரும் இல்ல, நம்ம சின்னவன்தான்!