பதினான்காவது கட்டம்

விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, ஐயா. விவரம் தெரியாவிட்டால் நாலு பேரைக் கேட்டு எழுத வேண்டும். நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் 'பொருந்தாது' என்று எழுதிவிட வேண்டும். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக விண்ணப்பம் சரிபார்க்கிறவன் நான். எத்தனையோ கெட்டிக்காரர்கள் ஒரே ஒரு காலிக் கட்டத்தில் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். 'நாளைக்கு வா' என்று எனக்கு ஆபீசில் பட்டப்பெயர். அது என் காதுக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

'எப்படிய்யா மனசு வந்துச்சு' என்று நேற்று கேட்டீர்கள். மனசு வருவதும் போவதும் இதில் ஒன்றுமில்லை. ஒரு விண்ணப்பம் குறையாக இருந்தது, அதை நிறைவாக்கினேன். வரிசைப்படி சொல்கிறேன். நடுவில் கேள்வி வேண்டாம், வாக்குமூலம் எழுதுகிறவருக்குச் சிரமம்.

என் மகளுக்கு வயது பத்தொன்பது. மருத்துவக் கல்லூரிக்குப் போன வருடம் விண்ணப்பித்தாள். மதிப்பெண்ணில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒற்றை வரியில் பதில் வந்தது: 'நோயாளியைப் பராமரித்த அனுபவம் போதாது.' அவர்கள் கேட்பது இருநூறு மணி நேரம். ஒரே நோயாளி, ஒரே ஆண்டு, பார்க்கும் மருத்துவரே சான்று தர வேண்டும். அவள் முதியோர் இல்லத்தில் பதினாறு மணி நேரம் நாற்காலி எடுத்துப் போட்டிருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். நான் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் இரண்டு முறைதான் விண்ணப்பிக்கலாம். அடுத்ததுதான் கடைசி.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அவள், என் அண்ணன். மகளுக்கு ஒன்பது வயதில் என் மனைவி தவறிப்போனாள். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியோடு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். ஸ்டியரிங் பிடித்த கையால் அவளுக்குத் தலை வாரி, பின்னல் போட்டு, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். ஆரம்பத்தில் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கீழேயுமாக இருக்கும். அவள் அதோடேயே போவாள், சிரித்துக்கொண்டு. என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமையா என்று உங்கள் ஏட்டு கேட்டார். இல்லை. குழந்தைக்கு ஒருவர் சிரிக்க வேண்டும், ஒருவர் ஃபைல் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியிலிருந்து அந்தப் பதில் வந்த மறு மாதம் அண்ணனுக்கு உடம்பு படுத்தியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் தங்குகிறது என்றார் மருத்துவர். காலையில் நீர் இறங்க ஒரு மாத்திரை, கூட வேறு இரண்டு மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் எடை பார்க்க வேண்டும், எடை கிடுகிடுவென்று ஏறினால் உடனே வர வேண்டும். என் மகள் ஒரு நீள நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தாள். நேரம், எடை, கணுக்கால் சுற்றளவு, குடித்த தண்ணீர். வாரா வாரம் மருத்துவர் அதைப் பார்த்து, எத்தனை மணி நேரம் என்று குறித்துக் கையெழுத்துப் போடுவார். அவள் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். அது என்னிடமிருந்து வந்தது.

"என்ன டாக்டரம்மா, வண்டி இன்னைக்கு ஓடுமா, டிப்போவுக்கு அனுப்பணுமா?" என்பார் அண்ணன், எடைக் கருவியில் ஏறி நின்றுகொண்டு.

"பேசாம நில்லுங்க பெரியப்பா, முள்ளு ஆடுது," என்பாள்.

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதையாக, ஏழாவது வாரம் அண்ணனுக்குக் குணமாகிவிட்டது. வீக்கம் வடிந்து, எழுபத்தோரு கிலோவில் நின்றார். மருத்துவர் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். "இனிமே அவரே பாத்துப்பார்மா. நீ போய்ப் படி," என்றார். அன்றைய கணக்கில் எண்பத்து நான்கு மணி நேரம். இன்னும் நூற்றுப் பதினாறு வேண்டும். அண்ணனும் மகளும் வரும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு மட்டும் கப் வாங்கி வந்திருந்தார்கள். அது உருகும்வரை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை டப்பா நிரப்புவது ஆரம்பத்திலிருந்தே என் வேலை. வாரத்துக்கு ஏழு அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்புவேன். அந்த ஞாயிறு இரண்டு அறைகளில் நீர் மாத்திரையை எடுத்துவிட்டு, அதே போல வெள்ளையாக இருக்கிற ஒரு சத்து மாத்திரையைப் போட்டேன். விஷம் வைத்தான் என்று பத்திரிகையில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது பொய், திருத்தச் சொல்லுங்கள். நான் எதையும் கொடுக்கவில்லை. ஒன்றைக் கொடுக்கவில்லை, அவ்வளவே. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒத்திவைப்பு என்று பெயர். அவர் குணமாவதைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்தேன்.

அடுத்த வாரம் எழுபத்து மூன்று கிலோ. மருத்துவர் மறுபடியும் ஆள் கூட இருக்க வேண்டும் என்றார். மணி நேரம் ஏற ஆரம்பித்தது. சில வாரம் நான்கு மாத்திரை எடுத்தேன், சில வாரம் ஐந்து. எடை ரொம்பக் கூடினால் ஒழுங்காகப் போட்டுவிடுவேன். நான் கவனமில்லாதவன் இல்லை.

என் மகள்தான் குழம்பினாள். "அப்பா, மாத்திரை கம்பெனி மாத்திட்டாங்களா? வேலையே செய்ய மாட்டேங்குது," என்று கேட்டாள். கடையில் எதைக் கொடுக்கிறானோ யாருக்குத் தெரியும் என்றேன். பிறகு அண்ணனைச் சந்தேகப்பட்டாள். ஒரு நாள் பக்கத்து அறையில் அவள் குரல் உடைந்து போய்க் கேட்டது.

"உண்மையச் சொல்லுங்க பெரியப்பா. எனக்குத் தெரியாம உப்பு சாப்பிடுறீங்களா?"

அண்ணன், "ஆமாடா குட்டி. சிப்ஸ் பாக்கெட். தலையணைக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருந்தேன். இனிமே தொட மாட்டேன், அழாத," என்றார்.

அவர் சிப்ஸ் தின்னவில்லை, ஐயா. வாசல்வரை நடக்க முடியாதவருக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள்? அவள் விடை தெரியாமல் தவிப்பதைப் பொறுக்காமல் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போது எழுந்து அந்த அறைக் கதவுவரை போனேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த வாரம் மட்டும் பதினெட்டு மணி நேரம் சேர்ந்திருந்தது.

இப்போது உறையைப் பற்றி. எடுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே, ஏன் வைத்திருந்தாய் என்று நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபீசில் ஒரு குண்டூசியை எடுத்தாலும் நான் எழுதி வைப்பவன். எடுத்த பொருளை எடுக்கவே இல்லை என்று காட்டுவது திருட்டு. ஆகவே ஒரு பழுப்பு உறையில் போட்டேன். மேலே தேதி, எண்ணிக்கை, என் சுருக்கக் கையெழுத்து. நாற்பத்தொரு மாத்திரை, ஒன்று குறையாது. விண்ணப்ப ஃபைலில் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் அது அந்த விண்ணப்பத்தைச் சேர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றாறு மணி நேரம். மகள் காலையிலேயே பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டாள், ஒரு மணிக்குத்தான் வருவாள். நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றியிருந்தார்.

"தம்பி, படுத்தா மூச்சு முட்டுதுடா. டாக்டருக்கு ஒரு போன் போடுறியா?"

முகத்தைப் பார்த்தேன். உதடு நிறம் மாறியிருந்தது. எனக்குப் புரியவில்லை என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். புரிந்தது. அந்த நோட்டில் அவள் எழுதியதை எல்லாம் நானும் படித்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் பதினான்காவது கட்டம் ஒன்று உண்டு. 'நெருக்கடியான நேரத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் எழுதுக.' மற்ற எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டேன். அதற்கு மட்டும் எழுத அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் போன் போட்டால் அது என் முடிவு. என் முடிவை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"சாயங்காலம் பாக்கலாம்ணே, இப்ப ஆபீசுக்கு நேரமாச்சு," என்றேன். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தேன். அவருடைய போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது. அதை எடுத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கவில்லை.

"சரிடா, நீ கெளம்பு. பஸ்ஸ விட்டுடாத," என்றார். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர், நான் பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று கவலைப்பட்டார். கதவைச் சாத்திக்கொண்டு போனேன். அன்று மதியம்வரை முப்பத்தொரு விண்ணப்பம் பார்த்தேன். ஒன்றிலும் பிழை விடவில்லை.

அவள் ஒரு மணிக்கு வந்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், நிமிர்த்தி உட்கார வைத்து அவருக்குப் பின்னால் தானே முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள், வந்தவர்களிடம் பத்து நாள் எடையை நோட்டைப் பார்க்காமல் ஒப்பித்தாள். மாலை ஆறு மணிக்கு அண்ணன் போய்விட்டார். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இரண்டுக்குமாகச் சேர்த்துத்தான்.

பத்து நாள் அவள் சாப்பிடவில்லை. உப்பைப் பற்றித் திட்டினேனே, திட்டினேனே என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். விண்ணப்பிக்கவே போவதில்லை என்றாள். பெரியப்பாவுக்காகவாவது எழுது என்று நான்தான் தேற்றினேன். மருத்துவமனை நேரத்தைச் சேர்த்தால் இருநூறு தாண்டிவிடும், சான்றிதழும் ஃபைலில் இருக்கிறது, நீயே எடுத்துப் பார் என்றேன். ஃபைலை அவள் கையில் கொடுத்தது நான், ஐயா. உறை உள்ளே இருப்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒழுங்காகத் தாக்கல் செய்துவிட்ட பொருளை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

மேசையில் ஒரு பக்கம் உறையையும் ஒரு பக்கம் நோட்டையும் வைத்துத் தேதி தேதியாக ஒத்துப் பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். மாலையில் என்னிடம் வந்தாள்.

"அப்பா, இந்த உறையில இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா," என்றேன். என் கையெழுத்தை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தபால் ஆபீசுக்குப் போகிறாள் என்று நினைத்து, "ரசீது வாங்க மறந்துடாத," என்றேன். உங்களிடம் வந்திருக்கிறாள்.

சரி, முழுமையாகவே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனின் மாத்திரையை நிறுத்தியது நான். காப்பாற்றியிருக்கக்கூடிய காலையில் அவரைத் தனியே விட்டது நான். அவர் செத்துப்போவார் என்று தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் நிரப்பிய விண்ணப்பத்தை நீங்கள் காட்டியதற்கு நன்றி. இரண்டு முறை படித்தேன். ஓர் அடித்தல் இல்லை. பதினான்காவது கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'என் நோயாளியின் எடை ஏன் கூடியது என்பதைக் கண்டுபிடித்தேன். காரணமானவர் என் வீட்டிலேயே இருந்தார். அவரைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்ல முடிவு செய்தேன். என் நோயாளி என்னிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்.' மிகையே இல்லை. படிக்கிற எவரும் அங்கே நின்றுவிடுவார்கள். இடம் நிச்சயம்.

முதல் பக்கத்தில் மட்டும் ஒரு கோளாறு. பாதுகாவலர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதி, 'காலமானார்' என்று போட்டிருக்கிறாள். விதிப்படி அது செல்லாது. அதற்கு மேலே, தந்தையின் பெயர் என்ற கட்டத்தில், 'பொருந்தாது' என்று எழுதியிருக்கிறாள். அசதியில் வரி மாறிவிட்டது போலிருக்கிறது, பாவம். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, ஐயா. அவளை ஒருதரம் கூப்பிடுங்கள், திருத்திக் கொடுத்துவிடுகிறேன்.