திரைக்குப் பின்னால் பெரியம்மா

சேயோனுக்கு உறைப்பு ஒத்துவராது. அதனால் அவனுக்கென்று எப்போதும் தனிச்சட்டியில்தான் தேங்காய்ப்பால் சொதி வைப்பேன். ஜெர்மனிக்கு, இந்தப் பான் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அயலில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அவன் என் தங்கை கமலநாயகியின் மகன். அவள் இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. உங்கள் ஆவணங்களில் நான் வெறும் உறவுக்காரி. எங்களிடம் தாயின் அக்கா என்றால் பெரியம்மா, இன்னொரு தாய். மொழிபெயர்க்கிற பிள்ளை இதைப் பொலிசாருக்குச் சரியாகச் சொல்லட்டும்.

பல்கலைக்கழகத்தில் அவன் குவாங்சு என்ற சீனச் சக்கரவர்த்தியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தான். அவரையும் மூன்று வயதில்தான் அரியணையில் ஏற்றினார்களாம். திரைக்குப் பின்னால் இருந்து ஆண்டவள் தாயின் அக்கா. வளர்ந்த பிள்ளை தன் எண்ணப்படி நாட்டைத் திருத்தப் புறப்பட்டதும், ஏரி நடுவே ஒரு தீவில் அடைத்துவைத்தாள். சாப்பிடும்போது சேயோன் இதையெல்லாம் சொல்வான்.

"பாவம் அந்த ராசா, பெரியம்மா. முப்பத்தேழு வயசிலை செத்துப்போனார். நூறு வருசத்துக்குப் பிறகு தலைமயிரைச் சோதிச்சுப் பாத்தவை. நஞ்சு."

"வளத்தவளை ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லேல்லையோ?"

அவன் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. வளர்த்த கடா மார்பில் பாயும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கொஞ்ச நாளில், சீனாவுக்குப் போய்ப் பீகிங்கில் இரண்டு வருடம் தங்கிப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்றான். "நான் போகத்தான் வேணும் பெரியம்மா. கோவியாதேங்கோ."

நான் கோபிக்கவில்லை. எனக்கு டொக்டர் தந்த இதயக் குளிசைகளை அரைத்து அவனுடைய சொதியில் கலந்தேன். தலைசுற்றும், வாந்தி வரும், படுத்துக்கொள்வான். நான் நெற்றியில் கைவைத்துப் பக்கத்தில் இருப்பேன். பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது போல என் மடியில் தலைவைத்து, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்று ஒருநாள் சொன்னான். அந்த மாதங்களில் நாங்கள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு அவனுடைய சிநேகிதி சுபானி வந்தாள். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வேறு டொக்டரிடம் காட்டப்போவதாகச் சொன்னாள். மறுநாள் வருவதாக அவன் ஒத்துக்கொண்டு பெட்டியை அடுக்கினான். அன்றைக்குச் சொதியில் குளிசை வழக்கத்தைவிடக் கூட.

எங்கள் ஆட்கள் எரிப்பதுதான் வழக்கம். சாம்பலில் தலைமயிர் மிஞ்சாது. அதனால் நான் பதற்றப்படவில்லை, கெதியாக எரிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எரிப்பதற்கு முன்னர் அரசாங்க டொக்டர் ஒருவர் உடலை இன்னொரு தரம் பார்ப்பார் என்ற உங்கள் சட்டம் எனக்குத் தெரியாது. சுபானி அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு அவன் செத்துப்போவான் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரியும். தெரிந்துதான் போட்டேன். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பீகிங்கில் பொல்லாத குளிராம். போயிருந்தால் பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும்.